கண்டலம ஹோட்டலுக்கு மாத்தளையிலிருந்து ஒரு நன்றி மடல்

கண்டலம ஹோட்டலைக் கட்டியவர்களுக்கும், இன்று அதை நடத்துகிறவர்களுக்கும், அது வேண்டவே வேண்டாம் என்று அன்று வீதிக்கு இறங்கியவர்களுக்கும் வணக்கம்.

1994இல் திறந்த ஹோட்டலுக்கு 2024இல் 30 வயது நிறைந்தது. அது இருக்கும் மாத்தளை மாவட்டத்துக்காரர் என்ற உரிமையில், உங்கள் மூன்று தரப்புக்கும் சேர்த்தே நன்றி சொல்ல வந்திருக்கிறோம்.

முதல் நன்றி ஹோட்டலை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவுக்கு. எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் அவரை அழைத்தபோது, ஹோட்டலுக்கென்று முதலில் பார்த்திருந்த இடம் சிகிரியாக் குன்றின் அருகில். பணம் போடுகிறவர்கள் விரும்பக்கூடிய இடம்தான். எழுபது வயதைத் தாண்டியிருந்த பாவா அதை மறுத்துவிட்டார். சிகிரியாவைத் தொலைவில் நின்று பார்ப்பதே அழகு என்று, கண்டலமக் குளத்தின் கரையோரப் பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். சிகிரியாவில் உள்ள காசியப்ப மன்னனின் கோட்டை இன்று காட்டுக்கு நடுவே தனித்துத் தெரிகிறதென்றால், அந்த மறுப்புக்கும் அதில் பங்குண்டு.

அடுத்த நன்றி எதிர்த்தவர்களுக்கு. பிக்குமாரும் சூழல் ஆர்வலர்களும் ஊரவரும் 1992இல் போராடினார்கள். குளம் அழுக்காகும், காடு அழியும், தம்புள்ளை விகாரையின் சூழல் கெடும் என்பது அவர்களுடைய அச்சம். வளர்ச்சிக்குக் குறுக்கே நின்றவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட முடியாது. ஊரே விழித்திருந்து பார்த்த வேலை அது. அந்தப் பார்வைக்கு முன்னால் அசட்டையாகக் கட்ட யாருக்கும் துணிவு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

குளத்து நீர் பற்றிய அந்தக் கவலை மலையகத் தமிழருக்கு நன்றாகவே விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். வழியில் தாகத்துக்கு வாய்த்தது குளமும் ஓடையும்தான். கெட்ட நீரும் வாந்திபேதியும் எத்தனையோ பேரை அந்தப் பாதையோரத்திலேயே புதைத்துவிட்டன. இந்த வறண்ட பகுதியில் ஒரு குளத்தைக் கெடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எங்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளம், 152 அறைகள். ஆனாலும் குளத்தின் மறுகரையில் நின்றால் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மலை வளைகிற இடத்தில் கட்டடமும் வளைகிறது. பாறையை உடைத்துத் தள்ளாமல் நடைகூடத்துக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள். தூண்களின் மேல் தூக்கி நிறுத்தியிருப்பதால், மலையில் பெய்கிற மழைநீர் அடியால் ஓடித் தன் வழியில் போய்விடுகிறது. கூரையில் செடிகள், முகப்பு முழுக்கக் கொடிகள், அவற்றில் தாவும் குரங்குகள். மாடிப்படியில் சிற்பி லக்கி சேனாநாயக்கவின் உலோக ஆந்தை இறக்கை விரித்து நிற்கிறது. அதைப் பார்க்க மட்டும் போனாலும் தகும். கழிவுநீரை அங்கேயே சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவுக்கு வெளியே 'லீட்' பசுமைக் கட்டடச் சான்றிதழ் பெற்ற முதல் ஹோட்டல் என்ற பெயரும் இதற்குக் கிடைத்தது.

சான்றிதழை வாங்குவது ஒருமுறை. அதற்கேற்ப நடப்பது நாள்தோறும். குப்பையைத் தரம் பிரிப்பவர்கள், சுத்திகரிப்பு நிலையத்தில் இரவு வேலை பார்ப்பவர்கள், நாற்றங்காலில் மரக்கன்று வளர்ப்பவர்கள், விருந்தினர் கண்ணில் அதிகம் படாத உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

பாவா 2003இல் மறைந்தார். சிகிரியா, ஹபரணைப் பக்கம் இன்னும் புதிய விடுதிகள் எழும். அவற்றைக் கட்டப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம்: அத்திவாரம் வெட்டுவதற்கு முன் கண்டலமவுக்கு ஒருமுறை வாருங்கள். பிறகு, நீங்கள் கட்டப்போகும் இடத்துக் குளத்து நீரைக் குடிக்கிறவர்களிடம் போய், அவர்களுக்கு எதில் பயம் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மாத்தளை மாவட்டத்துத் தமிழர் ஒருவர்