மோரேயிலிருந்து மே சோட் வரை: நெட்டுக்கும் மதகு உண்டு

பர்மா உளுந்து என்ற பேரைக் கேட்காத உளுந்து விவசாயி தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். அது சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினால் நம் மண்டியில் விலை அசையும். அதை விளைவிப்பவரும் நம்மைப் போன்ற சிறு விவசாயிதான். பாகோ, ஐராவதி வட்டாரங்களில் நெல் அறுத்த வயலில், மிச்ச ஈரத்தில் உளுந்து விதைக்கிறார். நம் டெல்டாவின் நெல் தரிசு உளுந்து மாதிரியேதான்.

ஆனால் விலை விசாரிக்கச் செல்போனை எடுத்தால் நிலைமை வேறு. நமக்கு நெட் கிடைக்கும் விதம் ஒன்று, அவருக்குக் கிடைக்கும் விதம் ஒன்று, அவருக்கு அடுத்த வீடான தாய்லாந்து விவசாயிக்குக் கிடைக்கும் விதம் இன்னொன்று. அடுத்தடுத்த மூன்று நாடுகளில் ஏன் இந்த வித்தியாசம்? இதைப் பார்க்க ஒரு சாலை இருக்கிறது. மணிப்பூரின் மோரேயில் தொடங்கி, மியான்மர் என்று இன்று அழைக்கப்படும் பர்மாவைக் குறுக்கே கடந்து, தாய்லாந்தின் மே சோட்டில் முடியும் முத்தரப்பு நெடுஞ்சாலை. நீளம் சுமார் 1,400 கிலோமீட்டர். சில இடங்களில் வேலை இன்னும் பாக்கி, சில இடங்களில் சண்டை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்த வழியே போவோம்.

ஒரே கேபிள், மூன்று கதை

கிளம்பும் முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாட்டுக்கு நெட் பெரும்பாலும் கடலடிக் கேபிள் வழியாகத்தான் வருகிறது. கடலே இல்லாத நேபாளம், லாவோஸ் போன்ற நாடுகள் பக்கத்து நாட்டு வழியாகத்தான் அதை வாங்க வேண்டும். அது ஒரு கஷ்டம்தான். மியான்மருக்கு அந்தக் கஷ்டம் இல்லை, நீண்ட கடற்கரை உண்டு. ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை போட்ட சீ-மீ-வீ 3 என்ற கேபிள் இந்தியாவில் மும்பையிலும் கொச்சியிலும், மியான்மரில் பியாப்போனிலும், தாய்லாந்தில் சத்தூனிலும் கரையேறியது. அதே கேபிள் மூன்று நாட்டுக்கும் வந்தும், ஊருக்குள் போய்ச் சேர்ந்த நெட் மட்டும் ஒன்றாக இல்லை.

அணையில் தண்ணீர் இருந்தாலும் மதகைத் திறப்பவர் கையில்தானே கடைமடையின் பிழைப்பு இருக்கிறது? நெட்டும் அப்படித்தான்.

மோரே: நம் மக்கள் வாழும் எல்லை

இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில், இந்தியாவின் கடைசி ஊர் மோரே. இங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கிறது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளை அரசே எடுத்துக்கொண்டபோது, தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பலேறித் தமிழகம் வந்தார்கள். இங்கே வேர் பிடிக்காத சிலர் தரைவழியாகத் திரும்பிப் போகப் பார்த்தார்கள். எல்லையில் உள்ளே விடவில்லை. தங்கிய இடம் மோரே.

இந்தியாவில் 2016க்குப் பிறகு கம்பெனிகளின் போட்டியால் டேட்டா விலை சரிந்தது. கூலி வேலைக்குப் போகிறவர் கையிலும் நெட் வந்தது. ஆனால் மணிப்பூரில் 2023 மே மாதம் கலவரம் வெடித்ததும் செல்போன் நெட்டை அரசு நிறுத்தியது. நான்கு மாதங்களுக்கு மேல் அது திரும்பவில்லை. டவர் இருந்தது, கேபிளும் அறுபடவில்லை. மூடப்பட்டது மதகுதான்.

தமு: ஒரு சிம் கார்டின் விலை

மோரேயின் எல்லை வாசலைத் தாண்டினால் மியான்மரின் தமு. நடந்தே போகும் தூரம். ஆனால் இந்தியாவில் சிம் கார்டு பெட்டிக்கடைச் சரக்காகிவிட்ட காலத்திலும், அந்தப் பக்கம் ஒரு சிம் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. செல்போன் சேவை முழுக்க ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது. செல்போன் பரவுவதை ராணுவ ஆட்சியும் விரும்பவில்லை. 2013இல் மலிவு விலை சிம் வந்தபோதுகூட, குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு கதை மாறியது. நார்வேயின் டெலிநார், கத்தாரின் ஊரிடூ என்ற இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு உரிமம் கிடைத்து, 2014இல் சேவை தொடங்கியது. சிம் விலை 1,500 சாட், அன்றைய மதிப்பில் நம் பணம் நூறு ரூபாய்க்குள். மலை நகரவில்லை, கடல் கிட்டே வரவில்லை. உரிமம் கொடுக்கும் கை ஒன்று மாறியது, அவ்வளவுதான். லேண்ட்லைனையும் கம்ப்யூட்டரையும் பார்க்காத கிராமங்கள் நேராக ஸ்மார்ட்போனுக்கு வந்தன.

பாகோ: உளுந்து வயலில்

சாலை மண்டலே வழியாகத் தெற்கே இறங்கி பாகோவைத் தொடுகிறது. இது உளுந்துச் சீமை. விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவுக்கே ஏற்றுமதியாகிறது. எனவே டெல்லியில் போடும் ஓர் உத்தரவு இந்த வயலில் வந்து விழும். 2017 ஆகஸ்டில் உளுந்து, துவரை இறக்குமதிக்கு இந்தியா உச்சவரம்பு போட்டதும் இங்கே விலை படுத்துவிட்டது. பிறகு 2021இல், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து வாங்கிக்கொள்வதாக ஐந்தாண்டு ஒப்பந்தம் வந்தது. இப்படிப்பட்ட செய்தி முதலில் எட்டுவது யாங்கூன் மொத்த வியாபாரிக்கு. விவசாயி கையிலும் நெட் இருந்தால் சரக்கை வைத்திருப்பதா, விற்பதா என்று அவரும் யோசிக்கலாம். இல்லையென்றால் வீட்டு வாசலுக்கு வரும் தரகர் சொன்னதே விலை.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. சில நாட்களில் ஃபேஸ்புக் முடக்கப்பட்டது. பிறகு இரவுதோறும் நெட் நின்றது. மார்ச் நடுவில் செல்போன் டேட்டா நாடு முழுக்க நின்றது. பின்னர் ஓரளவு திறந்துவிட்டாலும், எதிர்ப்பு பலமாக இருந்த சகாயிங் போன்ற பகுதிகளில் அடைப்பு நீண்டது. நாம் முதலில் கடந்த தமு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் புது சிம்முக்கு 20,000 சாட் வரி போட்டார்கள். டெலிநார் அதே ஆண்டில் வெளியேறியது. ஊரிடூவும் பின்னர் விற்றுவிட்டுப் போனது.

மே சோட்: ஆற்றுக்கு அக்கரை

கடைசியில் மியாவதி. மோய் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தாய்லாந்தின் மே சோட். இங்கே பல கம்பெனிகளின் போட்டி உண்டு. அதோடு, கம்பெனிகளுக்கு லாபம் வராத 24,700 கிராமங்களுக்கு அரசே ஃபைபர் இழுத்தது. நெட் பிரச்சாரத் என்ற அந்தத் திட்டம் 2016இல் தொடங்கியது. போட்டியால் விலை குறையும். ஆனால் கடைக்கோடி கிராமத்துக்குக் கேபிள் போக அரசுப் பணம் வேண்டும். தாய்லாந்தில் இரண்டும் சேர்ந்தன.

டவர் அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. மியாவதிக்காரர்கள் தாய்லாந்து சிம்மைப் போட்டுப் பிழைத்தார்கள். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. எல்லையோரத்தில் ஆன்லைன் மோசடிக் கும்பல்கள் பெருகியதால், 2025 பிப்ரவரியில் மியாவதி உள்ளிட்ட ஐந்து இடங்களுக்குத் தாய்லாந்து மின்சாரத்தையும் நெட்டையும் நிறுத்தியது. கும்பலோடு சேர்ந்து ஊர்க்காரர்களும் இருட்டில் இருந்தார்கள். சாட்டிலைட் நெட் இருக்கிறதே என்று கேட்கலாம். அதே ஆண்டு, மோசடி மையங்களின் அருகே இயங்கிய 2,500க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங்க் கருவிகளை அந்தக் கம்பெனியே அணைத்தது. வானத்திலிருந்து வந்தாலும் மதகு ஒருவர் கையில்தான்.

நம் ஊர் மதகு

இது பக்கத்து நாட்டுச் சமாச்சாரம் மட்டும் அல்ல. 2021 ஜனவரி கடைசியில், விவசாயிகள் போராடிக்கொண்டிருந்த டெல்லியின் சிங்கு, காஜிப்பூர், டிக்ரி எல்லைகளில் நெட் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். நெட்டைக் காலவரையின்றி நிறுத்தக் கூடாது, நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மியான்மர் விவசாயிக்கு இப்படிக் கேட்க ஒரு வாசல் இல்லை, நமக்கு இருக்கிறது.

கேட்க வேண்டியது கிராமத்திலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுவருவதுதான் பாரத்நெட் திட்டம். உங்கள் ஊராட்சிக்குக் கேபிள் வந்ததா? வந்தது என்றால் இன்று வேலை செய்கிறதா? பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் இணைப்பு கொடுத்தாயிற்றா? அடுத்த கிராம சபையில் இந்த மூன்றையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நெட் நின்றுபோகும் நாளைக்கு, சாதாரண போனிலிருந்தே பேசக்கூடிய கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551ஐயும், உங்கள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.