குட்டிக்கு வயசு 13

உங்க வீட்டுல வயசான பூனை இருக்கா? இருந்தா, இதைப் படிச்சு முடிச்சதும் ஒரு தடவை எடை போட்டுப் பாருங்க.

நான் ரெண்டாவது படிக்கும்போது வீட்டுக்கு வந்தவ எங்க குட்டி. இப்போ நான் காலேஜ் மூணாம் வருஷம். போன செமஸ்டர் லீவுக்குப் போனப்ப ஓடி வந்து காலைச் சுத்தினா. தூக்கினேன். கையில முதுகெலும்பு தட்டுப்பட்டது.

"அம்மா, இவளுக்குச் சோறு போடுறியா இல்லையா?"

"முன்னைவிட அதிகமாத்தான் திங்கிறாடா. வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்."

மனசு கேக்கல. கூடையில வச்சு டாக்டர்கிட்ட கொண்டு போனேன். 4 கிலோ இருந்தவ, 2.8 கிலோ!

டாக்டர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. வயசானா மனுஷனுக்கும் நாய்க்கும் பொதுவா சாப்பாட்டுத் தேவை குறையும். பூனைக்கோ 11, 12 வயசுக்கு மேல அது மறுபடியும் கூடும். ஆனா அதே வயசுலதான் பல பூனைகளோட குடல் கொழுப்பையும் புரதத்தையும் முன்ன மாதிரி உறிஞ்சாது. நம்ம பாஷையில சொன்னா, இன்புட் ஏறுது, எஃபிஷியன்சி இறங்குது. தட்டு காலியாகும், உடம்பும் கரையும்.

சதை போடட்டும்னு அம்மா தினமும் ஊத்தின பாலும் உதவல. வளர்ந்த பூனைகள்ல பலதுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கிற நொதி குறைஞ்சுடும், வயித்தால போகும். இருந்ததும் போச்சு.

நல்லா சாப்பிட்டும் இளைச்சா, தைராய்டு, சர்க்கரைன்னு வேற காரணமும் இருக்கலாம். அதனால ரத்தப் பரிசோதனை எடுத்தாங்க. நல்லவேளை, அதுல ஒண்ணும் இல்ல. பாலை நிறுத்தினோம். டாக்டர் சொன்ன, சுலபமா செரிக்கிற உணவை லேசா சூடு பண்ணி, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கொஞ்சம் கொஞ்சமா வச்சோம். ரெண்டு மாசத்துல 3.2 கிலோ.

'வயசாயிடுச்சு'ங்கிறது ஒரு நோயோட பேரு இல்லைங்க. நாம கவனிக்காம விட்டதுக்கு வைக்கிற பேரு. ஹாஸ்டல்ல இருந்து நானும் தினமும் "குட்டி சாப்பிட்டாளா?"ன்னுதான் கேட்டுட்டிருந்தேன். இப்போ "எத்தனை கிலோ?"ன்னு கேக்குறேன்.

"உன்னையும் இனிமே அப்படித்தான் கேக்கணும்"ங்கிறாங்க அம்மா.