பி.பி. கிங் தீர்த்த பாட்டுக் கடன்

ரிங்லெட், கேமரன் மலை

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே ஆல்பம்தான் ஓடுகிறது: அமெரிக்க புளூஸ் பாடகர் பி.பி. கிங் பாடிய ‘ஒன் கைண்ட் ஃபேவர்’. 2008 ஆகஸ்டில் வெளிவந்தபோது அவருக்கு வயது 82. அதுவே அவருடைய கடைசி ஸ்டூடியோ ஆல்பம், 2015-ல் காலமானார். கிராமி விருதும் வாங்கியது, அது கிடக்கட்டும். வயதான வித்வான்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியாதா? பழைய ஹிட்டையே மறுபடி பாடுவார்கள், இல்லையென்றால் நட்சத்திரங்களைக் கூட்டிவைத்து ஜோடிப் பாட்டுப் பாடுவார்கள். கிங்கும் 2005-ல் எண்பது வயதைக் கொண்டாட அப்படி ஒன்று போட்டார். எரிக் கிளாப்டன், எல்டன் ஜான் என்று கல்யாண வீட்டுக் கூட்டம். எனக்கு ஒட்டவில்லை.

மூன்று ஆண்டு கழித்து டி-போன் பர்னெட் என்ற தயாரிப்பாளர் அவரை லாஸ் ஏஞ்சலீஸில் உட்காரவைத்தார். பியானோவுக்கு டாக்டர் ஜான், டிரம்ஸுக்கு ஜிம் கெல்ட்னர். பன்னிரண்டு பாட்டில் ஒன்றுகூடக் கிங் எழுதியதல்ல. லோனி ஜான்சன், டி-போன் வாக்கர், மிசிசிப்பி ஷீக்ஸ் என்று தனக்கு முன்னால் பாடியவர்களிடமே போய்விட்டார். முதல் பாட்டு, பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் 1927-ல் பதிந்தது. தன் கல்லறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் பாட்டு. எண்பது தாண்டியவர் பாடினால் அழுகை வரும் என்று நினைப்போம். டிரம்ஸ் துள்ளுகிறது, கிழவர் உரிமையோடு அதட்டிக் கேட்கிறார். ஒரு வரி பாடி நிறுத்துவார். பதிலை ‘லூசில்’ சொல்லும், அவருடைய கிட்டாரின் பெயர் அது. இடக்கை விரலால் தந்தியை அசைத்து ஒரே சுரத்தை நடுங்கவிடுவார். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் அந்நியம் ஏதுமில்லை.

கிங் 1925-ல் மிசிசிப்பியில் ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தவர். பஞ்சு பறித்தார், டிராக்டர் ஓட்டினார். உறவுக்காரக் கிழவி ஒருத்தியின் வீட்டில் கிராமபோன் இருந்தது. ஜெஃபர்சனையும் ஜான்சனையும் சிறுவயதில் அதில்தான் கேட்டார். ஏழை வீட்டுக்கு இசைத்தட்டு வந்த கதை வேடிக்கையானது. 1920-ல் மேமி ஸ்மித்தின் ‘கிரேஸி புளூஸ்’ விற்ற விற்பனையைப் பார்த்த பிறகே கறுப்பர்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. அப்புறம் ஊர்ப் பாடகர்களைத் தேடிப் பிடித்துப் பதிந்தார்கள். எல்லாம் லாபத்துக்குத்தான், ஆனாலும் பாட்டு பிழைத்துக்கொண்டது.

ஜெஃபர்சன் இறந்த 1929-ல்தான் ஜே.ஏ. ரஸ்ஸல் இங்கே கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1938-ல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை மலாயாவுக்கு நம் ஆட்கள் கப்பலேறிக்கொண்டே இருந்தார்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடியவர்களிடமும் பாட்டு இருந்தது: தாலாட்டு, ஒப்பாரி, வேலை வாங்கும் தண்டலைக் கிண்டல் செய்யும் அடிகள். ஆனால் சென்னையில் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களுக்கு வேண்டியிருந்தவை கீர்த்தனையும் நாடகப் பாட்டும். தோட்டத்து ஜனமும் சினிமாவில் பாடிய தியாகராஜ பாகவதரைத்தான் கேட்டது. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பகலெல்லாம் கூடை சுமந்தவளுக்கு ராத்திரியும் தோட்டத்துப் பாட்டுதானா?

இலங்கையில் சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்திலேயே பிறந்தவர், மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி வைத்தார். வார்த்தை தப்பிப் பிழைத்தது. இழுத்துப் பாடிய தொண்டையை அச்சில் எப்படி ஏற்றுவது?

இங்கே இப்போது பல சரிவுகளில் இரண்டு பேர் மெஷினைப் பிடித்துக்கொண்டு கொழுந்து வெட்டுகிறார்கள், பெரும்பாலும் வெளிநாட்டுப் பையன்கள். அந்த இரைச்சலில் யாரும் பாட முடியாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி கையால் கொழுந்து கிள்ளிய காலத்து ஆள். கிங்கைக் கேட்டுவிட்டு, “யாரு தம்பி இது, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்றாரு? நாங்களும் அப்படித்தான் பாடுவோம்” என்றார். அன்றிலிருந்து அவரைப் பாடவைத்துப் போனில் பதிகிறேன். பாதிப் பாட்டு நடுவழியில் சினிமாப் பாட்டாகிவிடுகிறது. அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சி.வி. தொகுத்த புத்தகம் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் கண்ணில் பட்டால் வாங்கி அனுப்புங்கள், அண்ணே. படித்துக் காட்டினால் பாட்டிக்கு மெட்டு நினைவு வரலாம் என்று ஒரு நப்பாசை.

அன்புடன்,
தம்பி