துள்ளிய கார்

கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்கும் பாதையை அறிந்தோர் அதன் வளைவுகளையும் அறிவர். தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி இறங்கி, ஹிந்தகலையைக் கடந்து, பல்கலைக்கழகத்து நிழல் மரங்களுக்கிடையே போய்ச் சேரும் அப்பாதையில் போவதும் வருவதுமாகவே நமது வாழ்வின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. பஸ்ஸிலே போகும் நாள்கள் பல. தந்தையாரின் பழைய காரிலே போகும் நாள்கள் சில. அச்சில நாள்களுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

கார் என்றால் சாதாரணக் காரன்று. எம். ஜி. ஏ. எனும் ஸ்போர்ட்ஸ் கார். இருவர் மட்டுமே அமரலாம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1955 முதல் 1962 வரை உற்பத்தியான இனம். தோட்டங்கள் அரசுடைமையான 1975 ஆம் ஆண்டிலே நாடு திரும்பிய துரை ஒருவரிடமிருந்து, அத்தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராயிருந்த தந்தையார் அதை வாங்கினார். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் துரை அதை ஓட்டினார் என்பது தந்தையார் கூற்று. அதற்குச் சான்று கேட்கும் துணிவு வீட்டில் எவருக்கும் இருந்ததில்லை. எம். ஜி. என்பது மொறிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். லயத்துச் சிறுவர்களோ, கண்டிச் சீமையில் 1917 இல் பிறந்த எம். ஜி. ஆரின் கார் அது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். நாமும் நம்பினோம்.

நிற்க. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பல்கலைக்கழக வளாகத்திலுள்ள குறிஞ்சிக் குமரன் கோயிலில் வழிபட்டுவிட்டுத் தாயாருடன் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை தூறியது. தார் பெயர்ந்த வளைவொன்றில் காரைத் திருப்பியபோது முன்சில்லுகள் தத்தின. ஒருமுறை தத்தி அடங்கியிருந்தால் பிழையில்லை. மறுபடியும் மறுபடியும் தத்தின. ஒவ்வொரு தத்தலுக்கும் கார் பக்கவாட்டில் ஒரு முழம் நகர்ந்தது. பிரேக்கை மிதித்தோம்; நிலத்தைத் தொடாத சில்லை எந்தப் பிரேக் நிறுத்தும்? பாதை ஓரமாய்க் குடை பிடித்துச் சென்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூவருக்குக் கையெட்டும் தூரத்தில் போய் நின்றது கார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். நமக்குத்தான் கால் நடுக்கம் நிற்கவில்லை.

தாயார் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. வாசலில் இறங்கியதும், "தம்பி, இனி இந்த வண்டியில நான் ஏறமாட்டேன்" என்றார்.

"ரோடு சரியில்ல. வண்டிக்கு ஒண்ணுமில்ல" என்றார் தந்தையார், சாய்நாற்காலியிலிருந்து.

மறுநாள் கண்டிப்பக்கத்துக் கராஜ் ஒன்றிற்குக் காரை மெல்ல ஓட்டிப்போனோம். அங்குள்ள மெக்கானிக்கை எல்லாரும் பாஸ் என்றே அழைப்பர். பேச்சைக் கேட்குமுன்பே அவர் முன் மட்கார்டை இரு கைகளாலும் அமுக்கிச் சட்டென விட்டார். கார் எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது, தாழ்ந்தது. நான்கு முறை எண்ணினோம். "ஒரு தரம் எழும்பி இருந்திடணும், சேர். இது ஊஞ்சல்" என்றார்.

ஷொக் அப்சோபர் தேய்ந்துவிட்டது என்பதே இதன் பொருள். அதிர்ச்சியைத் தாங்குவது என்று அதற்குப் பெயர்; அப்பெயர் பொருந்தாப் பெயர் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். பள்ளத்தின் அடியைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால், அடி வாங்கிய ஸ்பிரிங் தானாக ஓயாது, ஆடிக்கொண்டேயிருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவதே ஷொக்கின் தொழில். இவ்வகைக் காரில் அது ஓர் இரும்புக் கூடு. உள்ளே எண்ணெய், வெளியே ஒரு கை. சில்லு மேலும் கீழும் போகையில் கை அசைந்து, உள்ளிருக்கும் பிஸ்டன் எண்ணெயைச் சிறு வால்வு வழியே நெருக்கித் தள்ளுகிறது. ஆட்டத்தின் விசை அந்த நெருக்கலிலே வெப்பமாகிக் கழிகிறது. எண்ணெய் ஒழுகிப்போனால் நெருக்க எதுவுமில்லை. இந்த ஒழுகலோ ஒரு நாளில் நேர்வதன்று. காரின் ஆட்டம் சிறிது சிறிதாய்க் கூட, ஓட்டுபவனும் அறியாமலே வேகத்தைக் குறைத்து, வளைவை அகலமாய் எடுத்து, அதற்கு இசைந்துவிடுகிறான். என்றாவது ஒருமுறை ஏறும் தாயாருக்குத் தெரிந்தது, வாரந்தோறும் ஓட்டிய நமக்குத் தெரியவில்லை.

இவ்வகை ஷொக்கைப் பாஸ் நன்கறிவார். ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தார் எம். ஜி.க்குச் செய்த அதே வகையை மொறிஸ் மைனருக்கும் செய்தார்கள். மொறிஸ் மைனரோ இத்தீவின் செல்லப்பிள்ளை. புதுவகைக் குழாய் ஷொக் பொருத்தினால் என்ன என்று கேட்டோம். அதற்குச் சட்டத்திலே புதுத் தாங்கிகள் அமைக்க வேண்டும் என்றார். தந்தையார் ஒப்பவே மாட்டார். ஆகவே நான்கையும் கழற்றிப் புதுப்பிப்பது என முடிவாயிற்று. இடது முன்புறம் மட்டும் மாற்றி வலதை விடுவதென்பது கூடாது. ஒரே அச்சின் இரு புறமும் ஒன்றுபோல் அடங்க வேண்டும்.

மாணவத் தம்பிகள் ஒன்றைக் கவனிக்க. இக்காரின் முன்புற ஷொக்கின் கையே சில்லைத் தாங்கும் மேற்கையுமாகும். ஸ்பிரிங்கோ நசுங்கிய நிலையில் இருக்கிறது. கீழ்க்கையின் அடியில் ஜாக் வைத்துத் தாங்காமல் மேலாணியைக் கழற்றினால் ஸ்பிரிங் சீறிக்கொண்டு வெளியேறும். பாஸ் அதைக் கழற்றும்போது நம்மை மூன்று அடி தள்ளி நிற்கச் செய்தார்.

கழற்றியவற்றுள் இரண்டில் ஒரு சொட்டு எண்ணெயுமில்லை. மற்ற இரண்டிலிருந்து தார்போலத் தடித்த ஏதோ வடிந்தது. மெல்லிய எண்ணெய் இருக்க வேண்டிய இடம் அது. அன்றிரவு தந்தையாரிடம் கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்து, 2022 இல் பெற்றோலுக்கே வரிசையில் நின்ற காலத்தில், வீட்டிலிருந்த கியர்பொக்ஸ் எண்ணெயைத் தாமே ஊற்றியதாகச் சொன்னார். "உனக்குச் சொன்னா வித்துருவேன்னு சொல்லுவே" என்றார். 2020 இல் நின்ற கார் இறக்குமதி 2025 இல் திறக்கும்வரை பழைய கார்களுக்கு நல்ல விலை. ஆகவே விற்கும் எண்ணம் நமக்கு இருந்தது மெய்தான். பதில் சொல்லாமல் எழுந்து போனோம்.

லேத் பட்டறையில் தேய்ந்த தண்டுகளுக்குப் புதுப் புஷ்ஷும், எண்ணெய் ஒழுகாதிருக்க ரப்பர் வளையமும் இட்டுக் கொணர இரு வாரமாயிற்று. செலவு, நமது சம்பளத்தைக் கேட்டால் சொல்லும். பூட்டுமுன், ஒரு ஷொக்கை நிமிர்த்திப் பிடித்து எண்ணெய் வார்த்து, காற்று முழுதும் வெளியேறும்வரை அதன் கையை மேலும் கீழும் அசைத்துக் காட்டினார் பாஸ். முன்பு விரலால் தள்ளினாலே விழுந்த கை, இப்போது பாகிலே கரண்டி போல அழுத்தமாய், இரு பக்கமும் ஒரே சீராய் அசைந்தது. தந்தையாரும் வந்திருந்தார். ஸ்டூலில் அமர்ந்து, ஒவ்வொரு போல்ட்டும் இறுகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தாயார் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் பஸ்ஸிலேயே போனார். மூன்றாம் வெள்ளி, மழை பலமாயிருந்ததால் ஏறினார். அந்த வளைவு வந்தபோது கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். சில்லு பள்ளத்தில் இறங்கி ஏறியது, அவ்வளவே.

"தார் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். பள்ளம் முன்பிருந்ததைவிடப் பெரிதாகவே இருந்தது.

தந்தையார் இப்போது இரவுதோறும் காரின் அடியில் பழைய ஞாயிறு இதழை விரித்துவைத்து, காலையில் கண்ணாடியணிந்து அதைச் சோதிக்கிறார். நேற்று இடப்புறப் பின்சில்லுக்கு நேரே ஒரு துளி கண்டாராம். மழைநீர் என்கிறோம் நாம். முகர்ந்து பார்த்துவிட்டேன் என்கிறார் அவர்.