யானை இழுத்த மரம், குட்டி யானையில் ஏறுமா? காரைக்குடியில் தூண் வாங்கப் போகிறவர்களுக்கு!

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்குவாளி, பித்தளை அண்டா, ரவிவர்மா பிரின்ட், பெல்ஜியம் கண்ணாடி, பல்லாங்குழி என்று ஒவ்வொன்றும் நம் கையைப் பிடித்து இழுக்கும். அவற்றையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடலாம்.

சிக்கல் கடைகளின் பின்கட்டில் இருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்திருக்கும் தேக்குத் தூண்கள், நிலையோடு கழற்றிய இரட்டைக் கதவுகள், உத்தரங்கள், போதிகைகள். பார்த்ததும் ஆசை வரும். விலையும் ஒருவழியாகப் படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வரும். 'சரி, இதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோறது?'

மதுராந்தகத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் அத்தைக்காக, மாமாவும் நானும் இந்தக் கேள்வியோடு இரண்டு நாள் காரைக்குடியில் சுற்றினோம். அதில் தெரிந்துகொண்டவை உங்களுக்கும் பயன்படலாம்.

தூணின் முதல் பயணம்

செட்டிநாட்டு வீடுகளில் இருக்கும் மரத்தில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் பர்மாவில் பெரிய அளவில் வட்டித்தொழில் செய்தார்கள். அங்கே சம்பாதித்த பணம் இங்கே வீடாக எழுந்தது. அந்தப் பணத்தோடு தேக்கும் வந்தது.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் பர்மா காடுகளில் மரத்தின் அடியில் பட்டையை வளையமாக வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிடுவார்கள். காய்ந்த பிறகு வெட்டிச் சாய்த்து, யானைகளை வைத்து ஆற்றங்கரைக்கு இழுத்து வருவார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வந்ததும் கட்டைகள் ஐராவதி ஆற்றில் தெப்பமாக மிதந்து ரங்கூன் சேரும். அங்கிருந்து கப்பல். இந்தக் கரையில் இறங்கியதும் மாட்டுவண்டி.

யானை, ஆறு, கப்பல், மாடு என்று இத்தனையும் சேர்ந்து கொண்டுவந்த மரத்தைக் காரைக்குடியிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் நகர்த்துவதற்குத்தான் நாங்கள் முழி பிதுங்கிக்கொண்டிருந்தோம்.

ஏன் விலைக்கு வருகின்றன?

1930-களின் பொருளாதார மந்தம், 1942-ல் ஜப்பான் படையெடுப்பு, பிறகு பர்மாவில் வந்த நாட்டுடைமை. இவற்றோடு அந்த வருமானம் நின்றுபோனது. பிள்ளைகள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது பங்குதாரர்கள்கூட இருப்பார்கள். ஓடு மாற்றவே லட்சங்கள் ஆகும்போது, யார் செலவு செய்வது என்பதிலேயே வீடு பாழாகும். கடைசியில் பிரித்து விற்பார்கள்.

2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் சில வீடுகள் ஹோட்டலாக மாறிப் பிழைத்திருக்கின்றன. ஆனால் எல்லா வீட்டுக்கும் அந்த யோகம் இல்லை. நாம் வாங்குகிற ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் பிரிக்கப்பட்ட ஒரு வீடு இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

எங்கள் வீட்டுப் பாட்டிக்கு, அதாவது மாமாவின் அம்மாவுக்கு, இது உடனே உறைத்தது. போனில் படம் அனுப்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வியே, "யார் வீட்டு நிலைடா அது? நல்லபடியா இருந்தவங்களா?" என்பதுதான். பழைய நிலையைப் புது வீட்டுத் தலைவாசலுக்கு வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. மாமாவுக்கோ அந்த நிலை மேல்தான் ஆசை. 'நிலை வைக்க' நல்ல நாள் குறித்து, அதற்கு ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது.

வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

மாமா 30 வருடம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். எதையும் அளக்காமல் தொடமாட்டார். "மாப்ளே, தூண் எங்க நிக்கப்போகுதோ அங்கேருந்து பின்னால வா" என்றார். இந்தப் பயணத்தில் நான் கேட்ட உருப்படியான யோசனை இதுதான்.

அதாவது கடையிலிருந்து வீட்டுக்குத் திட்டம் போடாதீர்கள். தூண் நிற்கப்போகும் இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு வாசலாகப் பின்னோக்கி அளந்துகொண்டே தெரு வரை வாருங்கள். கூரை உயரம் என்ன? மாடிப்படி திரும்புகிற இடத்தில் எவ்வளவு நீளம் வளையும்? அடுக்குமாடி என்றால் லிஃப்ட் வாசல் பொதுவாக 2 மீட்டர், அதாவது ஆறரை அடிதான். எட்டடித் தூண் அதில் நிமிர்ந்து நுழையாது. தெருவுக்குள் பிக்கப் வண்டி வருமா? வராதென்றால் முக்கிலிருந்து தூக்கிவர எத்தனை பேர் வேண்டும்?

இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு காரைக்குடிக்கு வண்டி ஏறுங்கள். கடையில் எந்தத் தூணைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

எடைக்கு ஒரு எளிய கணக்கு

மரத்தை ஆசாரிகள் கன அடியில் பேசுவார்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். காய்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறத்தாழ 18 முதல் 20 கிலோ.

நாங்கள் பார்த்து வைத்த சாமான்களுக்கு 20 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டோம். இரட்டைக் கதவு 6 அடி உயரம், 3 அடி அகலம், 2 அங்குல கனம். 6 × 36 × 2 = 432. 144-ஆல் வகுத்தால் 3 கன அடி, 60 கிலோ. அதன் நிலைச் சட்டம் மூன்றரை கன அடி, 70 கிலோ. எட்டடி உயரம், எட்டு அங்குல விட்டமுள்ள உருண்டைத் தூண் ஒன்று சுமார் 55 கிலோ. இரண்டு தூணுக்கு 110. தூணுக்கு அடியில் வைக்கும் கருங்கல் பீடம்தான் ஆளை ஏமாற்றும். பார்க்கச் சின்னது. ஆனால் கருங்கல் ஒரு கன அடியே 75 கிலோ வரும். இரண்டு பீடத்துக்கு 150.

ஆக மொத்தம் 390 கிலோ. 'இவ்வளவுதானா, குட்டி யானை போதுமே' என்று தோன்றும். எடைக்குப் போதும்தான். நீளத்துக்குப் போதாது.

எந்த வண்டி?

ஊரெல்லாம் குட்டி யானை என்று கூப்பிடும் டாடா ஏஸின் தொட்டி நீளம் சுமார் 7 அடி. தூண் 8 அடி. ஓர் அடிதானே, பின்னால் நீட்டிக்கொண்டு சிவப்புத் துணி கட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு வண்டியின் உடலைத் தாண்டி விதிமீறலாக நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். நீட்டிய சரக்கை இறக்குகிற செலவும் தனி. அபராதம்கூடப் போகட்டும். இரவில் பின்னால் வருகிற பைக்காரர் கண்ணுக்கு அந்தத் தூண் தெரியாமல் போனால்?

கேபின் மேல் சாய்த்து வைக்கலாம் என்றும் சொல்வார்கள். 55 கிலோ தூண் கேபின் மேல் சாய்ந்திருக்க, டிரைவர் திடீரென பிரேக் போடுவதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எட்டு, ஒன்பது அடி தொட்டி உள்ள பெரிய பிக்கப்தான் இதற்குச் சரி. மாடலுக்கு மாடல் அளவு மாறும் என்பதால், வாடகை பேசும் முன் தொட்டியின் உள் அளவை நீங்களே டேப் வைத்துப் பாருங்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி 'ரிட்டர்ன் லோடு'. சென்னைப் பக்கமிருந்து சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி கிடைத்தால் வாடகை நன்றாகக் குறையும். ஆனால் அதற்கு ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். கடையில் பணம் கட்டிவிட்டுச் சாமானை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். எங்களுக்கு நாள் குறித்திருந்ததால் அதிகபட்சம் மூன்று நாள் காத்திருப்பது, அதற்குள் கிடைக்காவிட்டால் தனி வண்டி என்று முடிவு செய்தோம். இரண்டாம் நாளே கிடைத்தது.

பார்சல் சர்வீஸ் லாரியிலும் அனுப்பலாம். ஆனால் அதில் ஏற்றி, இறக்கி, குடோன் மாற்றி என்று பல கைகள் படும். செதுக்கு வேலை உள்ள சாமானுக்கு அது ஆகாது. சின்னப் போதிகை, சட்டம் என்றால் ரயிலே போதும். 100 × 60 × 25 செ.மீ. அளவுக்குள் அடங்கும் பெட்டியை நம்மோடு பெட்டியிலேயே கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் பார்சல் ஆபீஸில் புக் செய்ய வேண்டும்.

கையில் என்ன பேப்பர்?

தமிழ்நாட்டில் மரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக 1968 முதலே தனி விதிகள் இருக்கின்றன. தேக்குக் கட்டைகளுக்கு வனத்துறை அனுமதி வாங்கும் நடைமுறை உண்டு. பழைய தூண், கதவு என்பது பார்த்தாலே தெரியும் என்று வெறுங்கையோடு கிளம்பாதீர்கள். 'பயன்படுத்திய பழைய தேக்குத் தூண் 2, நிலையுடன் கதவு 1' என்று அளவோடு எழுதிய ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். வேறு ஏதாவது அனுமதி வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்.

மாநிலத்துக்குள் சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். அதை விற்பவரே போட்டுக் கொடுக்கலாம். கேரளா, கர்நாடகாவுக்குப் போகிறதென்றால் பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேலேயே இ-வே பில் தேவைப்படும். எல்லாவற்றையும் போனிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றும்போது...

பழைய கதவுகளில் கீல் கிடையாது. மேலும் கீழும் 'குடுமி' நீட்டிக்கொண்டிருக்கும். கதவு அதில்தான் சுழலும். ஏற்றி இறக்கும்போது முதலில் உடைவது அதுதான். உடைந்தால் அந்தக் கதவை அதன் நிலையில் மாட்ட முடியாது. சாக்கைச் சுருட்டிக் குடுமிக்குத் தலைப்பாகை கட்டிவிடுங்கள். கதவை அளக்கும்போதும் குடுமியோடு சேர்த்து அளங்கள்.

தொட்டியில் முதலில் கருங்கல் பீடம், கேபினை ஒட்டி. அது நகராமல் முட்டுக்கொடுங்கள். தூண்களுக்கு அடியில் குறுக்காக ரீப்பர் கட்டைகள். கதவைச் செதுக்கு வேலை உள்பக்கம் இருக்கும்படி, நடுவில் பழைய ஜமுக்காளம் வைத்துக் கட்டுங்கள். கயிறு விளிம்பை அறுக்காமலிருக்க அட்டை. மேலே தார்ப்பாய். வேலை முடிந்ததும், "நானும் பின்னாலேயே உட்கார்ந்து வர்றேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். சரக்குத் தொட்டியில் ஆள் ஏறக் கூடாது.

கழற்றும்போது ஆட்கள் ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸில் எண் போட்டிருப்பார்கள். எந்தச் சட்டம் எந்தப் பக்கம் என்று சொல்வது அந்த எண்தான். துடைத்துவிடாமல் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர்ந்த பிறகு

மரம் வந்த அன்றே பொருத்த வேண்டாம். காரைக்குடியின் காய்ச்சலுக்குப் பழகிய மரம் அது. கடலோரப் பக்கத்து ஈரக்காற்றில் கொஞ்சம் உப்பும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையைத் தொடாமல் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். அடியில் மாவுபோலத் தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது, மருந்து வைக்க வேண்டும். ஆசாரி இழைக்கும் முன் பழைய ஆணிகளைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

அந்த மூன்று வாரக் கணக்குதான் எங்கள் வீட்டுப் பஞ்சாயத்தையும் தீர்த்து வைத்தது. ஒன்பது நாளில் நிலை வைக்க வேண்டிய தலைவாசலுக்கு இந்த நிலை எப்படியும் ஆகாது. தலைவாசலுக்கு உள்ளூர் ஆசாரியிடம் புது நிலை. பழைய நிலையும் கதவும் உள்கூடத்துக்கு. தூண்கள் திண்ணைக்கு. பாட்டிக்கும் சம்மதம், ஒரு நிபந்தனையோடு: "எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு கேட்டு எழுதி வை."

பள்ளத்தூர் பக்கம் பிரித்த வீடு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நிலைச் சட்டத்தின் சுவர்ப்பக்கத்தில் ஊரையும், வாங்கிய தேதியையும் மாமா பென்சிலால் எழுதினார். பூசிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. என்றாவது ஒருநாள் எங்கள் வீட்டையும் யாராவது பிரித்தால், வாங்குகிறவருக்குத் தெரியும்.

நீங்களும் வாங்கினால் எழுதி வையுங்கள். முக்கியமாக, காரைக்குடிக்குக் கிளம்பும்போது பர்ஸோடு டேப்பையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்!