குறைவதெல்லாம் முடிவதில்லை

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் மூன்று மொழிகள் வழங்குகின்றன: வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம். இவற்றுக்கிடையே பிள்ளைகளின் கணிதம் சிக்கித் தவிப்பதை அன்பர்கள் அறிவர்.

என் தமக்கையின் மகள் கல்லூரியில் கணிதம் பயில்கிறாள். முறையற்ற தொகையீடு என்னும் பகுதி அவளுக்கு விளங்கவில்லை. முடிவிலி வரை நீளும் வளைகோட்டின் கீழுள்ள பரப்பு ஒரு வரம்புக்குள் அடங்குமா என்று காண்பது அது. அடங்கினால் ஒருங்கும் என்பர். இல்லையேல் விரியும் என்பர். "விதியை உருப்போட்டுவிட்டேன், மாமா. ஆனால் உயரம் குறைந்துகொண்டே போகும்போது பரப்பு எப்படி முடிவில்லாமல் பெருகும்?" என்று வினவினாள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே கணக்கேடுகளில் காலங்கழிப்பவன் நான். ஆயினும், நூலில் உள்ளதைத் தமிழில் சொல்லச் சொல்லி, இருவரும் தாளில் வரைந்து பார்த்தோம்.

தொலைவால் ஒன்றை வகுத்து வருவது உயரம் என்க. தொலைவு 2 எனில் உயரம் 1/2; 4 எனில் 1/4. தொலைவு 1 முதல் 2 வரை பரப்பு ஏறத்தாழ 0.693. 2 முதல் 4 வரையும் அதுவே. உயரங்கள் பாதியாயின, அகலமோ இருமடங்காயிற்று. 4 முதல் 8 வரையும் அதுவே. கூட்டல் ஓயாது, பரப்பு விரியும்.

தொலைவின் வர்க்கத்தால் ஒன்றை வகுத்தாலோ, அதே பகுதிகள் 1/2, 1/4, 1/8 எனத் தேயும். எத்தனை கூட்டினும் 1-ஐத் தாண்டா. பரப்பு ஒருங்கும். குறைந்தால் மட்டும் போதாது, விரைந்து குறையவேண்டும்.

இனி, வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதனால் ஒன்றை வகுப்போம். இவ்வளைகோடு முன்னதற்குக் கீழேயே செல்வதால், ஒப்பிட்ட அளவிலேயே இதுவும் ஒருங்கும் எனத் துணியலாம். 1 முதல் முடிவிலி வரை இதன் பரப்பு, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான 'பை'யில் கால்பங்கு.

அக்கால்பங்கையே 1 − 1/3 + 1/5 − 1/7 என நீளும் முடிவிலாத் தொடராகக் கண்டவர், 14-ஆம் நூற்றாண்டில் இக்கேரள மண்ணில் பிறந்த சங்கமகிராமத்து மாதவர் என்பர். அதன் காரணங்களை 16-ஆம் நூற்றாண்டில் 'யுக்திபாஷை'யில் விளக்கிய ஜேஷ்டதேவர், வடமொழியில் அன்று, மலையாளத்தில் எழுதினார்.

அவர் காட்டிய வழி நமக்கும் உரியது. பிள்ளைகள் தேர்வை எம்மொழியிலும் எழுதுக. 'ஏன்' என்னும் வினாவை வீட்டில் தமிழில் கேட்க இடங்கொடுப்போம். கணிதம் அறியாத பெற்றோரும், "எங்கே, எனக்குச் சொல்லு" என்று கேட்டு அருகில் அமரலாமன்றோ?