குந்தி எடுத்த அளவு

சமையல்கட்டுக்குப் பின்னால், கேஸ் சிலிண்டர் கூண்டை ஒட்டின சுவரில் பதினொரு பேன்ட்டுகள் ஆணியில் தொங்கின. எல்லாம் கறுப்பு. எல்லாவற்றிலும் கவுட்டியில் ஒட்டுப் போட்டிருந்தது. ஒன்றில் நீலத் துண்டு, ஒன்றில் பழைய லுங்கியின் கட்டம், இன்னொன்றில் ஏதோ திரைச்சீலையிலிருந்து வெட்டிய பூப்போட்ட துணி. தையல்காரர் ஒவ்வொன்றாக எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இது சோறு வடிக்கிறவரோடது” என்றார். அடுத்ததைத் தொட்டு, “இது சப்பாத்தி.” மூன்றாவதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, “இது பாத்திரம் கழுவுறவங்க. பொம்பளைங்களா?” என்று கேட்டார். சமையல் மாஸ்டர் சிரித்துவிட்டார். மூன்றும் சரி.

எப்படி என்று கேட்டேன். சோறு வடிப்பவரின் வலது தொடையில் கஞ்சி தெறித்துத் தெறித்து அந்த இடம் மட்டும் அட்டை மாதிரி விறைத்திருந்தது. சப்பாத்திக்காரரின் பாக்கெட் மடிப்பில் மாவு. பெல்ட் பட்டி, மேடை உரசும் உயரத்தில் நூல்நூலாகப் போயிருந்தது. மூன்றாவதில் கீழ்விளிம்பு ஈரத்தில் நைந்து, பிளீச்சிங் பவுடர் பட்ட இடமெல்லாம் செம்பட்டை. இடுப்பை இரண்டு மடிப்பு மடித்து ஊக்கு குத்திய ஓட்டை. ஆனால் இடுப்புக்குக் கீழே பக்கத் தையல் விட்டிருந்தது. “மேல லூசு, கீழ டைட்டு. ஆம்பளை அளவுல தைச்சதைப் பொம்பளைக்குக் குடுத்தா இப்படித்தான் போவும்.”

நான் புதுவாயலுக்குப் போனது ஒரு நண்பருக்காக. ஆலை ஒன்றில் கேன்டீன் ஒப்பந்தம் எடுத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பேன்ட் வாங்கிக் கொடுக்கிறேன், மூன்றே மாதத்தில் கிழித்துவிடுகிறார்கள் என்று புலம்பிக்கொண்டே இருந்தார். கவரைப்பேட்டையில் இருக்கும் ஒரு தையல்காரரிடம் காட்டப்போகிறேன், வேண்டுமானால் நீயும் வா என்றார். கும்மிடிப்பூண்டி ரயிலில் கவரைப்பேட்டையில் இறங்கி, தையல்காரரோடு ஷேர் ஆட்டோவில் புதுவாயல் கூட்டுச்சாலை வந்தேன். ஆடி மாத ஞாயிறு. மேற்கே பெரியபாளையம் போகும் சாலையில் வேப்பிலை கட்டிய வேன்கள் வரிசையாகத் திரும்பின. பவானியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேப்பஞ்சேலை கட்டப்போகிறவர்கள். இந்தப் பக்கம் ஜி.என்.டி. ரோட்டில் ஆந்திரா பார்க்கப் போகும் லாரிகள். ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை இல்லை, கேன்டீனுக்கும் இல்லை.

தையல்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் பேன்ட் பட்டறையில் பதினாலு வருஷம் பீஸ் ரேட்டுக்கு ஜூக்கி மிஷினில் உட்கார்ந்தவர். கொரோனாவில் பட்டறை மூடியதும் ஊருக்குத் திரும்பி, மனைவியோடு கடை போட்டிருக்கிறார். பட்டறையில் அவர் தைத்தது காலின் உள்பக்கத் தையல் மட்டும். முழு பேன்ட்டைத் தைத்ததே கிடையாது என்றார். அதனால்தானோ என்னவோ, கிழிசலை அவ்வளவு உற்றுப் பார்க்கிறார்.

அவர் வேலையை ஆரம்பித்த விதம் எனக்குப் புதிது. சோறு வடிக்கிறவரைக் கூப்பிட்டு நிறுத்தி, வழக்கம்போல இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம் எடுத்தார். பிறகு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “இப்போ குந்துங்க” என்றார்.

“இன்னாத்துக்குணா?”

“வடிக்கும்போது நின்னுக்கினா வடிக்கிறீங்க?”

அவர் அண்டாவுக்கு முன்னால் குந்துவது போலவே குந்திக் காட்டினார். பின்னிடுப்பிலிருந்து கவுட்டி வழியாக முன்னிடுப்பு வரை டேப் ஓடியது. நின்றபோது எடுத்ததைவிட மூன்று இன்ச் அதிகம். அந்த மூன்று இன்ச் துணி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். துணியில் இல்லையென்றால் தையலிலிருந்து வரும். பதினொரு பேன்ட்டும் ஒரே இடத்தில் கிழிந்ததற்கு அவ்வளவுதான் காரணம்.

கடையில் அளவெடுக்கும்போது நாம் எல்லோரும் கல்யாண போட்டோவுக்கு நிற்பது போல விறைத்து நிற்கிறோம். பேன்ட்டும் அப்படி நிற்பவனுக்கு உரியதாகவே அமைந்துவிடுகிறது. குந்தியே வேலை செய்யும் ஊரில், ‘குந்து’ என்ற சொல்லையே உட்காருவதற்கு வைத்திருக்கும் வடதமிழ்நாட்டில், அதை யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு வேலைக்கால்சட்டையும் கிழிசலில்தான் பிறந்தது. அமெரிக்காவின் ரெனோ ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரிடம் ஒரு விறகுவெட்டியின் மனைவி வந்து, கிழியாத பேன்ட் வேண்டும் என்றார். குதிரைப் போர்வையில் அடிக்க வைத்திருந்த செம்பு ஆணிகளை டேவிஸ் பாக்கெட் மூலைகளில் அடித்தார். காப்புரிமை வாங்கப் பணம் போதாமல், துணி சப்ளை செய்த லீவை ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். 1873 மே 20 அன்று காப்புரிமை வந்தது. இன்று ஜீன்ஸ் என்றால் எல்லோருக்கும் வணிகர் பெயர் தெரிகிறது. தையல்காரர் பெயர் தெரிவதில்லை.

கவரைப்பேட்டைக்காரர் ஆணி அடிக்கவில்லை. கவுட்டியில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் வந்து சேர்வதுதான் கோளாறு என்றார். அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துவிட்டால் இழுப்பு ஒரு புள்ளியில் விழாமல் பிரிந்துவிடும். பைஜாமாவில் காலங்காலமாக இருப்பதுதான். 58 இன்ச் அகலத் துணியில் ஒரு பேன்ட்டுக்கு ஒன்றேகால் மீட்டர் போகும். அந்தத் துண்டு வெட்டுமிச்சத்திலேயே கிடைத்துவிடும். பின்பக்க உயரத்தை ஒன்றரை இன்ச் ஏற்றினார், குனியும்போது முதுகு தெரியாமல் இருக்க. கீழே மடிப்பு கூடவே கூடாது என்றார்; எண்ணெயோ கஞ்சியோ கொட்டினால் அந்த மடிப்பில் போய்த் தேங்கிக்கொள்ளும். பக்க பாக்கெட்டின் வாய் அண்டாவின் காதில் மாட்டி இழுக்கும் என்று மாஸ்டர் சொன்னதும் அதைப் பின்னால் தள்ளிவிட்டார்.

பெல்ட்டும் கொக்கியும் வேண்டாம், பின்பாதி எலாஸ்டிக், முன்னால் நாடா என்று மாஸ்டர் பிடிவாதமாக நின்றார். காரணத்தை வாயால் சொல்லவில்லை. காலைத் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தழும்பு. வேறொரு இடத்தில் வேலை செய்தபோது கொதிக்கிற சாம்பார் கொட்டியதாம். அன்று போட்டிருந்தது ஜீன்ஸ். அவிழ்க்க நேரமாகிவிட்டது. சூடு பட்டால் துணியை உடனே அகற்றி, இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கவும் கூடாது. இறுக்கிப் பிடித்த பேன்ட்டை உடனே அகற்றவும் முடியாது, பிய்க்காமல் கழற்றவும் முடியாது.

அதற்கு முன்னால் அவர் கல்யாண சமையலுக்கு லுங்கியோடு போனவர். “லுங்கிக்கு அளவு ஏது சார். தூக்கிக் கட்னா காத்து, எறக்கி உட்டா மரியாதை” என்றார். உண்மைதான். ஆனால் தூக்கிக் கட்டிய லுங்கிக்குக் கீழே கால் வெறுங்கால்.

துணி பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. நண்பர் கோடவுன் தெருவில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் கலப்பையே விரும்பினார். சாயம் போகாது, சுருங்காது. தையல்காரர் பழைய பேன்ட்டிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். நூல் எரியவில்லை, உருகிச் சுருண்டு நுனியில் கறுப்பு மணியாகக் கெட்டியானது. காட்டன் டிரில் நூல் காகிதம் போல எரிந்து சாம்பலானது. பூரி பொரிக்கும் எண்ணெய் 180 டிகிரி பக்கம் இருக்கும். பாலியெஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே பயம் எண்ணெயால் அல்ல, பர்னரின் தழலால். ஆனால் காட்டனுக்கும் ஒரு குறை உண்டு. கொதிநீரைக் குடித்துத் தோலோடு வைத்து அழுத்தும். அதற்குத் தொடையில் இரண்டு இன்ச் தாராளமாக விட வேண்டும். துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருக்க வேண்டும்.

இந்தக் காற்றுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைப் பெண்கள் இல்லாதபோது தணிந்த குரலில் சொன்னார்கள். பதினொரு பேரில் பாதிப் பேருக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை. வியர்வை, நீராவி, இறுக்கமான சிந்தெட்டிக் துணி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ட்யூப்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு இரண்டு நாள் அடங்கி, பிறகு இன்னும் அகலமாகப் பரவும். கேன்டீன் ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை உண்டு. நகத்தைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். சுத்தமான உடை, தலைக்கு வலை எல்லாம் 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளில் இருக்கிறது. 250 பேருக்கு மேல் இருக்கும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை நூறு பேர் என்று இறக்கியது. அந்தக் கேன்டீனில் சமைப்பவன் குந்தி எழ முடிகிறதா என்பது சட்டத்தின் கவலை இல்லை.

பெண்கள் நால்வர். காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். புடவைத் தலைப்பு அடுப்பில் பட்டுவிடும் என்று ஆடிட்டில் சொன்னதால் அவர்களுக்கும் பேன்ட்டும் கோட்டும் வந்தன. புடவையில் வந்து, மாற்றிக்கொண்டு, திரும்பப் புடவையில் வீட்டுக்குப் போகிறார்கள். மூத்தவர் சொன்னார்: “மொத நாளு கூச்சத்துல அடுப்பாண்டையே போவல. இப்போ அது இல்ல. எறங்கிக்கினே கெடக்குது, அதான் ரோதனை.” இறங்காமலிருக்க ஊக்கு குத்தினார். சாப்பாட்டில் விழுந்துவிடும் என்று சமையல்கட்டில் ஊக்குக்குத் தடை. மேலாளர் கண்டுபிடித்து எல்லோர் முன்னாலும் திட்டினாராம். ஊக்குக்குத் திட்டு கிடைத்தது. ஊக்கைக் குத்தவைத்த பேன்ட்டை யாரும் திட்டவில்லை. நண்பர் தரையைப் பார்த்தார்.

கடையில் வாங்கும் பேன்ட்டில் இருக்கும் எஸ், எம், எல் என்ற எழுத்துகள் நம் உடம்பை அளந்து வந்தவை அல்ல. நமக்கென்று ஒரு அளவுப் பட்டியல் தயாரிக்க நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளக்கும் திட்டத்தில் இறங்கியது. நல்ல காரியம். அங்கேயும் ஒருவரைக் குந்தச் சொல்லி அளந்தால் இன்னும் நல்லது என்று எனக்கு ஓர் ஆசை.

பெண்களுக்குத் தையல்காரரின் மனைவி வந்து, ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அளவெடுத்தார். உள்ளிருந்து சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

துணியை ஒரு ராத்திரி ஊறப்போட்டுச் சுருங்கவிட்டுத் தைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து நான் மறுபடி போனபோது எல்லோரும் பழைய பேன்ட்டில் இருந்தார்கள். பகீரென்றது. புதுப் பேன்ட்டுகள் கிழியவில்லை, அவற்றில் குறையும் இல்லை. முதல் சலவையிலிருந்து பதினொன்றும் ஒரே மூட்டையாக வந்திருக்கிறது. எல்லாம் கறுப்பு, எது யாருடையது என்று தெரியவில்லை. சோற்றுக்காரரின் பேன்ட் சப்பாத்திப் பையனுக்குப் போய், அவன் காலைத் தடுக்கி விழப்பார்த்திருக்கிறான். ஆளுக்கு ஆள் அளவெடுப்பதில் இப்படி ஒரு சிக்கல் இருக்கும் என்று நாங்கள் யாருமே நினைக்கவில்லை. எஸ், எம், எல் ஏன் உலகத்தை ஆள்கிறது என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

வண்ணாரப்பேட்டையில் வேலை பார்த்த தையல்காரர் அசரவில்லை. பையிலிருந்து நூல்கண்டுகளை எடுத்தார். அந்தக் காலத்தில் வண்ணான் குறி போடுவது போல இடுப்புப் பட்டியின் உள்ளே ஆளுக்கு ஒரு நிறம். சோற்றுக்குச் சிவப்பு, பொரியலுக்கு நீலம். மூத்த அம்மா அம்மனுக்கு என்று மஞ்சள் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒடிசாவிலிருந்து வந்த சப்பாத்திப் பையனுக்குப் பச்சை. அவன் அதற்குப் பக்கத்தில் பேனாவால் தன் மொழியில் ஓர் எழுத்தை எழுதினான். அடுத்த சலவையில் போய்விடுமே என்றேன்.

“திருப்பி எழுதும் அண்ணா” என்று சொல்லிவிட்டு, மாவுப் பாத்திரத்துக்கு முன்னால் குந்தினான்.